பூப் பாடப் போய் தேஷ்கார் வந்த கதை: நான்காவது மாதம்

கர்நாடக சங்கீதத்து மோகன ராகம் தெரிந்தவனுக்கு இந்துஸ்தானியின் பூப் ராகம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதே ஐந்து ஸ்வரம், ஸ ரி க ப த. சின்ன வயதில் 'வரவீணா'வில் ஆரம்பித்து வர்ணம் வரை வந்தவன், வேலைக்காகப் புணே வந்த இடத்தில் இந்துஸ்தானி கற்றால் ஒரே மாதத்தில் ஆலாப் (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்கு மாதம் ஆகிறது.

முதல் தொல்லை காந்தாரம், அதாவது 'க'. என் தொண்டையில் அது தானாகவே ஆடும். எங்கள் தாயி கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். (தாயி என்றால் மராத்தியில் அக்கா, பாட்டு சொல்லித் தருகிறவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) தம்புராவின் மந்தர ஸட்ஜத் (கீழ் 'ஸ') தந்தியை மீட்டிவிட்டுச் சும்மா கேட்கச் சொன்னார். ஓசை அடங்க அடங்க அதற்குள்ளிருந்தே மெல்லிசாக ஒரு காந்தாரம் எழும்புகிறது. அதன் மேல் போய் ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுக்கே ஆறு வாரம்.

அப்புறம் மீண்ட், அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் வழுக்கிப் போவது. பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி இறங்கும்போது கொஞ்சம் அசந்தால் நடுவில் பூப்பில் இல்லாத தீவ்ர மத்யமம் ('ம') தலையை நீட்டி, சுத்த கல்யாண் என்ற வேறொரு ராகத்தின் வாசனை வந்துவிடுகிறது. இது ஓரளவு சரியாகிவிட்டது.

சரியாகாதது தைவதம், அதாவது 'த'. பூப்பில் வாதி (முக்கிய ஸ்வரம்) காந்தாரம், தைவதம் சம்வாதி (அதற்கு அடுத்தது). 'ப க, த ப க, ரி ஸ' என்று எங்கே சுற்றினாலும் காந்தாரத்துக்குத்தான் வீடு திரும்ப வேண்டும். நானோ மேலே ஏறி, சுகமாக இருக்கிறதே என்று தைவதத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அதே ஐந்து ஸ்வரத்தில் தைவதத்தை வாதியாக வைத்து மேல்பாதியிலேயே உலாவினால் அது தேஷ்கார், காலை ராகம். பூப் இரவின் முதல் ஜாமத்துக்கு உரியது. நான் தினமும் சாதகம் செய்வது காலை ஆறு மணிக்கு, ஆபீஸ் போவதற்கு முன்னால்! சொன்னதும் தாயி ரொம்ப நேரம் சிரித்தார், "நேரமே உங்களை இழுத்துக்கொண்டு போகிறது போல."

இந்த வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மாற்றிப் பார்த்தேன். போனில் பதிவு செய்தது பதினொரு நிமிடம். நாலு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துபோன பழைய பதிவோடு பார்த்தால் பரவாயில்லை. ஏழாவது நிமிடத்தில் மட்டும் மறுபடி தைவதத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகச் சம்மணம் போட்டு.