போட்டோ எடுக்கும் முன் ஈசி எடுங்கள்: தமிழ்நாட்டில் புரோக்கர் இல்லாமல் வீடு விற்க

80 லட்ச ரூபாய் வீட்டுக்கு புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 80,000. இரண்டு என்றால் 1,60,000. அதை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் சொந்தமாக விற்கக் கிளம்புகிறார்கள். ஆள் பிடிப்பது இன்றைக்குப் பெரிய வேலையில்லை. வந்தவரின் வக்கீல் பேப்பரைப் புரட்டிவிட்டு, "இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கே" என்று சொல்லும் நாளில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அந்தச் சிக்கலை அவருக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் கமிஷன் உங்களுடையது.

முதலில் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவாகியிருக்கும் கிரயம், அடமானம் போன்ற விவரம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்து ஈசி என்னும் வில்லங்கச் சான்றிதழை இலவசமாகப் பார்க்கலாம். 30 வருடத்துக்குப் போட்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அதிகம் பேர் மாட்டுவது பழைய வீட்டுக் கடனில். கடனைக் கட்டி முடித்து வருடக்கணக்காகியிருக்கும், பத்திரமும் பீரோவுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் கடன் வாங்கியபோது பதிவான 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்ற வரி ஈசியில் அப்படியே நிற்கும். அதற்குக் கீழே எங்காவது அதை முடித்துவைக்கும் ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், வாங்குபவரின் கணக்கில் உங்கள் வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது. அந்த ரசீதை வங்கி அதிகாரி கையெழுத்துப் போட்டுப் பதிந்தாக வேண்டும். அவருக்கு நாள் கிடைப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பார்ட்டி அதுவரை காத்திருக்க மாட்டார்.

கடன் இன்னும் ஓடுகிறது என்றால், பாக்கித் தொகைக்கான கடிதமும் வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் வாங்கி வையுங்கள். வாங்குபவரின் வங்கி நேரடியாக உங்கள் கடனை அடைத்துவிட்டு மீதியை உங்களுக்குத் தரும். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. இதை ஒருமுறை நினைவூட்டினாலே சில கிளைகள் சுறுசுறுப்பாகிவிடும்.

"பட்டா என் பேர்லதான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அதுவே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் உட்பட. இந்துக் குடும்பங்களில் எல்லோரும் மறக்கும் ஆள் பாட்டி. அப்பா இறந்தபோது அப்பாவின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. பிறகு அவரும் உயில் இல்லாமல் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போகிறது. நல்ல வக்கீல் இரண்டு இறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துத் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். இப்படிப் பங்குள்ளவர்கள் அதை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை விளம்பரத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். வீடு விலை போகிறது என்று தெரிந்த பிறகு கேட்டால் அந்தக் கையெழுத்துக்கும் ஒரு விலை வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,310 என்றிருப்பது பழைய மனைகளில் சகஜம். டேப் பிடித்து நான்கு பக்கமும் நீங்களே அளந்து, எது உண்மை என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். ஒரு அடி குறைந்தாலும் கடைசி நாளில் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

விலை வைப்பதற்கு அக்கம்பக்கத்து வதந்தியை நம்ப வேண்டாம். உங்கள் தெருவின் மற்ற சர்வே எண்களுக்கும் ஈசி போட்டால் அண்மையில் நடந்த கிரயங்களும் அதில் காட்டிய தொகையும் தெரியும். ஆனால் பலர் வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயித்த மதிப்பை, ஒட்டியே பதிவார்கள், ஆகவே அதைக் கீழ்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தனி வீட்டுக்கு மனை விலையும் தேய்மானம் போன கட்டட விலையும் தனித்தனி. 25 வருட வீட்டில் பார்ட்டி வாங்குவது பெரும்பாலும் மண்ணைத்தான். அடுக்குமாடி என்றால் யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று விளம்பரத்திலேயே போடுங்கள், விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

விளம்பரத்துக்கு நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் இணையதளங்கள், வீட்டு கேட்டில் ஒரு போர்டு, இவை போதும். போர்டில் 'புரோக்கர்கள் வேண்டாம்' என்று எழுதினாலும் முதல் பத்து அழைப்பில் பாதி அவர்களுடையதுதான். "பார்ட்டி கையிலேயே இருக்கு சார்" என்றால் பார்ட்டியையே பேசச் சொல்லுங்கள். பத்திர நகல் கேட்பவருக்கு, 'பார்வைக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதி, கையெழுத்தை மறைத்து அனுப்புங்கள். அசல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அவருடைய வக்கீல் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

அட்வான்சில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு லட்சம் கொடுத்து ஆறு மாதத்துக்கு அக்ரிமென்ட் கேட்பவர் பெரும்பாலும் குடிவரப் போகிறவர் அல்ல. அந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டை வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்ப்பவர். 'அவரோ அவர் காட்டும் நபரோ' என்ற வாசகம் இருந்தால் அடித்துவிடுங்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிந்தாக வேண்டும். பதிந்தால் அது உங்கள் ஈசியில் ஏறும். அவர் பணம் கட்டாமல் நழுவினாலும், ரத்துப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போடாமல் அந்த வரி விலகாது. அதனால் ஒப்பந்தத்துக்கு முன்னால் அவர் வங்கியின் கடன் ஒப்புதலைக் கண்ணால் பாருங்கள். அட்வான்ஸ் 10 சதவீதம், கெடு 60 முதல் 90 நாள், தவறினால் என்ன பிடித்தம் என்பதை எழுதிவிடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும், அதுவும் விற்றவர் தலையில்.

பத்திரச் செலவு வாங்குபவருடையது: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7,20,000. இந்தக் கனத்தால்தான் "குறைச்சுப் பதிஞ்சுக்கலாமா" என்ற பேச்சு வருகிறது. வழிகாட்டி மதிப்பு நீங்கள் காட்டும் தொகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வருமான வரித் துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட நேரும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் முழுத் தொகையிலும் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரி, பிடிப்பார். 80 லட்சத்துக்கு வருவது 79,20,000. இதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சண்டை போடுபவர்கள் உண்டு. உங்கள் பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் அந்த 1 சதவீதம் 20 ஆகிவிடும்.

பதிவுக்கு முந்தைய நாள் வரைவுப் பத்திரத்தை வாங்கி, சர்வே எண், நான்கு எல்லை, அளவு, கதவு எண், மின் இணைப்பு எண், பணத்துக்கான டிடி (டிமாண்ட் டிராப்ட்) எண்களை அசலோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். டிடி கொடுத்த கிளைக்குப் போன் போட்டு, அது அவர்கள் கொடுத்ததுதானா என்று கேளுங்கள். வாங்குபவரின் சொந்தப் பங்கு ஆர்டிஜிஎஸ் வங்கிப் பரிமாற்றத்தில் வந்து உங்கள் கணக்கில் ஏறட்டும், பிறகு கைரேகை. பின் தேதியிட்ட காசோலை வேண்டவே வேண்டாம். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று பதிந்தபின் காசோலை திரும்பினால் கிரயம் தானாக ரத்தாகாது. பாக்கிக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

சாவி கொடுக்கும்போது மின் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுங்கள். அன்று வரைக்குமான சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகளின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மின் இணைப்பை அவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்துக்கு உங்கள் ஒப்புதல் கடிதம் தேவைப்பட்டால் அதையும் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.