பிளெமிஷ் ஹார்ப்சிகார்ட் கிட்: பிளந்த ஒலிப்பலகையும் அறுந்த கம்பிகளும்

கிட்டாக வாங்கி நாங்களே கட்டிய ஹார்ப்சிகார்டின் (கட்டையை அழுத்தினால் கம்பியை மீட்டும் பழைய விசைப்பலகைக் கருவி; எங்களுடையது ஆண்ட்வெர்ப்பின் பிளெமிஷ் பாணி) ஒலிப்பலகை பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பிளந்தது. இசைப்பெட்டியின் நீளச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை உள்ளே, மர ரேகையை ஒட்டி, ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். அதுவரை ஒரு கம்பிகூடக் கட்டவில்லை. ஆகவே இழுவிசையின் மேல் பழி போட முடியாது. ஒட்டிய மாதம்தான் காரணம்.

பலகையை ஒட்டியது ஜூலையில். அறையின் ஈரப்பதம் அன்று 65 சதவீதம். "ஒட்டும் முன் பலகை நன்கு காய்ந்திருக்க வேண்டும்" என்பதோடு கிட் கையேடு நிறுத்திக்கொண்டது. எவ்வளவு காய வேண்டும், எப்படி அளப்பது என்று ஒரு வரி இல்லை. ஸ்ப்ரூஸ் மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். 80 செ.மீ. அகலப் பலகை, ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்கு வந்தால் நாலைந்து மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் ஒட்டியிருப்பதால் சுருங்க இடம் கிடையாது, பிளக்கும். சரியான முறை இதுதான்: ஈரப்பதம் 35 முதல் 40 சதவீதமாக உள்ள அறையில் பலகையை ஒரு வாரமாவது நிறுத்திவைத்து, அதே நிலையில் ஒட்ட வேண்டும். பிறகு கோடையில் அது லேசாக மேலே வளையும். வளைந்தால் கேடில்லை. ஈரப்பதமானி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

இதைவிட வலித்தது அடிப்பலகை விஷயம். ஆண்ட்வெர்ப்பில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஹார்ப்சிகார்ட் செய்து புகழ்பெற்ற ருக்கர்ஸ் குடும்பத்தார் சுவர்களையும் உள்சட்டங்களையும் இணைத்து, ஒலிப்பலகையை ஒட்டி, அடிப்பலகையைக் கடைசியில்தான் மூடினார்கள். அடியிலிருந்து தொடங்குவது இத்தாலிய வழக்கம். எங்கள் கையேடு பிளெமிஷ் பெட்டிக்கு இத்தாலிய வரிசையைச் சொன்னது. அதை நம்பி மூடியாயிற்று. திறந்திருந்தால் அரை நாளில் முடியும் பழுது, மூன்று வாரம் பிடித்தது.

பழுது பார்த்த விதம் மற்றவர்களுக்கும் பயன்படலாம். பிளவு முழுவதுமாக விரியட்டும் என்று மிக வறண்ட வாரம் வரை காத்திருந்தோம். மீந்த ஒலிப்பலகைத் துண்டிலிருந்து ஆப்பு வடிவில் மெல்லிய சீவல் எடுத்து, வஜ்ஜிரம் தடவி, ரேகை ஒத்துப்போகும்படி பிளவில் இறக்கினோம். காய்ந்ததும் கூரிய உளியால் மட்டம் பார்த்தாயிற்று. (மீந்த துண்டுகளை எறியாதீர்கள். வேறு ஸ்ப்ரூஸ் இந்த வேலைக்குச் சேராது.) அடியில் தாங்கு துண்டு ஒட்டுவதற்குக் கை நுழையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிளவின் மேல் குண்டூசித் துளை போட்டு, மெல்லிய கம்பியை உள்ளே இறக்கி, ஒலிப்பலகையில் உள்ள ரோஜா எனும் அலங்கார வட்டத் துளை வழியாகக் கொக்கியால் வெளியே இழுக்க வேண்டும். 2 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்ப்ரூஸ் துண்டின் நடுவில் அந்தக் கம்பியைக் கோத்து, முடிச்சிட்டு, பசை தடவி, மேலிருந்து இழுத்துக் கட்டினால் துண்டு தானாகப் போய் அமரும். துண்டின் ரேகை பிளவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ஐந்து துண்டுகள் வைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் மயிரிழைகூட விரியவில்லை.

அடுத்தது கம்பி. மேல் ஸ்வரங்களுக்கு இரும்பு, கீழே மஞ்சள் பித்தளை, கடைசிச் சில ஸ்வரங்களுக்குச் செம்பித்தளை. அந்தச் சில ஸ்வரங்களில் பெட்டியின் நீளம் போதாமல் கம்பி குறுகிவிடுகிறது. அதனால்தான் அங்கே வலுக் குறைந்த செம்பித்தளை தாங்குகிறது. எங்களுக்கு வந்த பொட்டலங்களில் இரண்டு பித்தளைகளின் சீட்டும் மாறியிருந்தது. மஞ்சள் போக வேண்டிய இடத்தில் செம்பித்தளை ஏறி, சுருதிக்கு ஒரு முழு ஸ்வரம் குறைவாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக அறுந்தது. விற்றவர்களோ முறுக்கிய விதம் தவறு என்று இரண்டு முறை பதில் எழுதினார்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிவப்பு தெரியும். கம்பி அறும்போது மெல்லிய கம்பி போட்டால் தாங்கும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அறும் சுருதியைத் தீர்மானிப்பது கம்பியின் நீளமும் உலோகமும்தான், தடிமன் அல்ல.

அதனால்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே சுருதியைக் கேட்டுவிட வேண்டும். ருக்கர்ஸ் அளவில் நடு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள ஸி கம்பி சுமார் 355 மி.மீ. பழைய பாணி இரும்புக் கம்பிக்கு அது 415 ஹெர்ட்ஸ் சுருதியில் (ஏ ஸ்வரத்தின் அதிர்வெண்; இன்றைய வழக்கம் 440) நிம்மதியாக நிற்கும். 440க்கு நேரடியாக ஏற்றினால் இழுவிசை 12 சதவீதம் கூடும், மேல் கம்பிகள் அறத் தொடங்கும். 440 வேண்டுமென்றால் கட்டை வரிசை பக்கவாட்டில் ஒரு ஸ்வரம் நகரும் வகையாகக் கேளுங்கள். கம்பியின் சுருதி மாறாது. மேல் கோடியில் ஒரு கம்பி கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்வரத்தை இழப்பீர்கள். மீன்டோன் போன்ற சமமில்லாச் சுருதியில் வாசிப்பவர்கள், நகர்த்தியதும் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.

கட்டை வரிசை இரண்டு உள்ள பிரெஞ்சு இரட்டையா, ஒன்றே உள்ள பிளெமிஷ் ஒற்றையா என்பதை வாசிக்கும் இசையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூல பிளெமிஷ் ஒற்றை வரிசைக் கருவிகளில் பெரும்பாலும் 45 கட்டைதான், கீழ் ஸ்தாயியில் நான்கு ஸ்வரம் கிடையாது. எங்கள் நகல் 56 கட்டை. 18ஆம் நூற்றாண்டு பாரிஸ் கருவிகளில் 61. பிரான்சுவா கூப்ரானின் கைகள் ஒரே இடத்தில் குறுக்கிடும் படைப்புகளுக்கு இரண்டு வரிசை தேவை. "பிளெமிஷ் இரட்டை" என்று விளம்பரம் வந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள்: மூல ருக்கர்ஸ் இரட்டைகளில் கீழ் வரிசை ஐந்து அரை ஸ்வரம் கீழே ஒலிக்கும். இரண்டும் ஒரே சுருதியில் பேசுமாறு மாற்றியது பின்னாளைய வேலை. அந்த மாற்றத்தில் பாரிஸ் தச்சர்கள் கைதேர்ந்தவர்கள். ஆண்ட்வெர்ப் பெயருக்கு அங்கே அவ்வளவு மவுசு. எடின்பரோவின் செயின்ட் சிசிலியாஸ் ஹால் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் உள்ள, பாரிஸ் தச்சர் கெர்மான்ஸின் 1764 கருவி, இன்னொரு பாரிஸ் தச்சரான பாஸ்கல் டாஸ்கின் கைபட்ட பிறகு, ருக்கர்ஸ் வழிவந்த ஆண்ட்வெர்ப் தச்சர் கூஷேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டாஸ்கினின் சொந்த 1769 இரட்டையும் அங்கேயே இருக்கிறது. மிகுதியாக நகலெடுக்கப்பட்ட கருவிகளில் அதுவும் ஒன்று.

அதன் நகல் என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பார்க்க நான்கு மணி நேரம் ரயிலில் போனது முழு வீண். அடிப்பலகையே இல்லை, குறுக்கே எஃகுச் சட்டங்கள், ரிஜிஸ்டர் (எந்தக் கம்பி வரிசை ஒலிக்க வேண்டும் என்பது) மாற்றக் கால் மிதிகள். கிளம்பும் முன் பெட்டியின் அடிப்பக்கப் படத்தையும் ஒரு ஜாக்கின் (கட்டையோடு எழும்பிக் கம்பியை மீட்டும் மெல்லிய சட்டம்) படத்தையும் கேட்டு வாங்குங்கள். கட்டை அகலத்தையும் கேளுங்கள். பிரெஞ்சுக் கருவியில் ஒரு ஸ்தாயி சுமார் 160 மி.மீ., பியானோவில் 165. இந்த வித்தியாசம் பாய்ச்சல்களில் விரலைத் தவறச் செய்யும்.

ஜாக்கில் கம்பியை மீட்டும் நாக்கான பிளெக்ட்ரத்தை வெட்டும்போது பொறுமைதான் கருவி. 56 கட்டைக்கு இரண்டு வரிசை ஜாக்குகள், 112 டெல்ரின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) நாக்குகள். அடிப்பக்கத்தை மட்டும் சீவுங்கள், வேர்ப்பகுதியை மெலிக்காதீர்கள். அங்கே மெலிந்தால் ஓரிரு மாதத்தில் முறியும். முதல் 20 நாக்குகளை மழை மாதத்தில் வெட்டியதில், வறண்ட காலம் வந்ததும் ஒலி மெலிந்து பாதியை மாற்ற நேர்ந்தது. ஜாக் சிக்கி நின்றால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். பிளெக்ட்ரம் நீளமா, அதன் நுனி கீழே சாய்ந்திருக்கிறதா, ஒலியை அடக்கும் கம்பளித் துண்டு கம்பியில் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஜாக் ஏறி இறங்கும் துளை இறுக்கமென்றால் ஈரம் வடியும்வரை காத்திருந்து பிறகு இழையுங்கள். ஒவ்வொரு ஜாக்கிலும் பென்சிலால் எண் எழுதிவிடுங்கள்.

கம்பி ஏற்றும்போது நேராகச் சுருதிக்குப் போக வேண்டாம். எல்லாவற்றையும் நான்கு ஸ்வரம் கீழே நிறுத்தி, மேலும் கீழும் மாற்றி மாற்றி ஏற்றினால் பெட்டி முறுகாது. எங்களுக்கு நிலைக்க ஆறு வாரம் ஆனது. இப்போது ஈரப்பதமானி பெட்டியின் மேலேயே இருக்கிறது. 45க்குக் கீழே இறங்கினால் ஈரப்பதமூட்டியைப் போடுகிறோம்.