ஹாட் டாக் பாக்கெட்டின் பின்பக்கம்

"இதுக்குள்ள என்னப்பா இருக்கு?" என்று மகள் கேட்டபோது பாதி ஹாட் டாக் என் வாயில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினேன்.

நான் பயந்த அளவுக்கு இல்லை. இறைச்சித் துண்டுகள், கொழுப்பு, தண்ணீர், உப்பு, மசாலா. எல்லாவற்றையும் கூழாக அரைத்து, உறையில் அடைத்து வேகவைக்கிறார்கள். மலிவான வகைகளில், எலும்பில் ஒட்டியிருப்பதை இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்த பசையும் சேரும். அருவருப்புதான், விஷமில்லை.

என்னை யோசிக்க வைத்தது, இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் என்ற வேதிப்பொருள். அந்த இளஞ்சிவப்பு நிறம் அதன் உபயம். பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமியைத் தடுப்பதும் அதுவே, அதனால் முழு வில்லன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் உடலுக்குள் அது நைட்ரோசமைன்கள் என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்களாக மாறக்கூடும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுமாம். 50 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு ஹாட் டாக்! 'நைட்ரைட் சேர்க்காதது' என்று போட்ட பாக்கெட்டிலும் பெரும்பாலும் செலரி என்ற கீரையின் பொடி வழியாக அதே நைட்ரைட்தான் நுழைகிறது. சரியான தந்திரம்.

அப்புறம் உப்பு, அதைச் சொல்லவே வேண்டாம்.

மகளிடம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப மாசம் ஒண்ணு?" என்று பேரம் பேசினாள். சரி என்றேன். மீதிப் பாதியை நானே சாப்பிட்டு முடித்தேன்.