முதுகில் ஊசி வேண்டாம் என்று வாதாடினேன்

தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை தலைவலி தாங்காமல், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று போர்வைக்குள் புகுந்துகொண்டான். இரண்டு தடவை வாந்தி வேறு. அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகும்போதும் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்தலையில் கை கொடுத்து மெல்லத் தூக்கினார். தாடை மார்பைத் தொடவில்லை. கழுத்து விறைத்துக்கொண்டு, முட்டி இரண்டும் தானாக மடங்கி மேலே வந்தன. சட்டையை விலக்கிச் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று தேடினார், இல்லை. "மூளை உறையில அழற்சியா இருக்கலாம். முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பார்த்தாதான் உறுதியாத் தெரியும்" என்றார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஸ்கேன் போதாதா என்றேன். "ஸ்கேன்ல இது பெரும்பாலும் தெரியாதுங்க. வலிப்பு, நினைவு தடுமாற்றம் இருந்தா, ஊசி போடுறது ஆபத்தான்னு பார்க்க முதல்ல எடுப்போம். தம்பிக்கு அது இல்லை." பிறகு தன் இடுப்பிலேயே தொட்டுக் காட்டினார்: தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நீருக்குள் நரம்பிழைகள்தான். ஊசி வந்தால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினேன்.

நான் வாதாடிய அரை மணி நேரத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். முடிவுக்குக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம்.

ஒருக்களித்து, முட்டியை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு நீளமான இன்னொன்று. சொட்டுச் சொட்டாகச் சின்னக் குழாய்களில் பிடித்தார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டியது, அரிசி கழுவிய நீர் போல லேசாகக் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருபது வயதுப் பையனுக்குச் சர்க்கரை எதற்கு என்று எனக்கு எரிச்சல். முதுகு நீரிலுள்ள சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிடத்தானாம்.

சில மணி நேரத்தில் முதல் முடிவு வந்தது. முதுகு நீரில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் 1,800, பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வகை. சர்க்கரை ரத்தத்தில் 110, முதுகு நீரில் 22. புரதம் 45க்குள் இருக்க வேண்டியது 210. வைரஸ் என்றால் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு மிகுந்து, சர்க்கரை பெரும்பாலும் குறையாது. இது பாக்டீரியாதான் என்றார் டாக்டர். எந்தப் பாக்டீரியா என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது: நிமோகாக்கஸ். மருந்து ஏறிய பிறகு எடுத்த முதுகு நீரில் கிருமி வளரவே இல்லை. முதலில் எடுத்துவைத்த ரத்தம்தான் காட்டிக்கொடுத்தது. நான் இழுத்தடித்ததை அங்கே யாரும் சொல்லிக்காட்டவில்லை.

ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்தாலே அவனுக்குத் தலைவலி, படுத்தால் போய்விடும். கால் நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள், இந்த நோய் அதைப் பாதிக்கக்கூடும் என்பதால். வலது காதில் கொஞ்சம் குறைவு. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.