டிரம்பெட் எழுதாத காலம்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் டிரம்பெட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர்பவனி, சாவு என்று பேண்டு செட்டுடன் அவர் போகாத தெரு காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் குறைவு. அதனால்தான், இத்தாலியத் திரை இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனேயைப் பற்றிப் படித்தபோது, 2016இல் தம் 87ஆம் வயதில் அவர் பெற்ற ஆஸ்கரைவிட, அவருடைய தந்தை மாரியோவும் டிரம்பெட் வாசித்துக் குடும்பத்தைக் காத்தவர் என்ற செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1928இல் ரோமில் பிறந்த மோரிகோனே, அந்நகரின் சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் 1946இல் டிரம்பெட்டில் பட்டயம் பெற்றார். தந்தைக்கு முடியாத நாட்களில் அவருக்குப் பதிலாக இரவு விடுதிகளில் வாசித்தார். பிறகு இசையமைப்பாளர் கொஃப்ரேதோ பெத்ராசியிடம் இசையாக்கம் பயின்றார். 1964 முதல், தொடக்கப் பள்ளித் தோழரான இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் படங்களில் சீட்டி, சாட்டையொலி, மணி, மின் கிட்டார் ஆகியவற்றை வாத்தியக் குழுவின் நடுவே துணிந்து வைத்தார். அந்த ஒலிகளைப் புதுமைக்காகச் சேர்த்த ஒப்பனை என்று சிலர் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொன்றும் கதைமாந்தர் ஒருவரின் குரலாகவே ஒலிக்கிறது.

டிரம்பெட்டின் நாதம் உதட்டில் பிறப்பது. பல் ஆடினாலும் உதடு தளர்ந்தாலும் சுரம் உடைந்துவிடும். மாரியோ முதுமையில் அந்நிலையை அடைந்தபோது, வேறு கலைஞரை அழைத்தால் தந்தை மனம் நோவார் என்று அஞ்சிய மகன், தாம் எழுதிய இசையில் டிரம்பெட்டையே சில காலம் தவிர்த்தார். தந்தை மறைந்த பின்னரே மீண்டும் அதற்கு எழுதினார். முன்பற்கள் விழுந்ததும் அப்பாவை எந்த பேண்டு செட்டும் கூப்பிடவில்லை. அவருக்காக வாத்தியத்தையே விலக்கி வைக்க அங்கே ஒருவருமில்லை.

பர்மா பஜாரில் வாங்கிய குறுந்தகட்டில், லியோனே இயக்கி மோரிகோனே இசையமைத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) படத்தின் இறுதியில், கல்லறைத் தோட்டத்தில் முக்கியக் கதைமாந்தர் மூவரும் எதிரெதிரே நிற்கும் காட்சியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கிட்டாருக்குப் பின் டிரம்பெட் மேலேறியபோது, "மூச்சு எங்க எடுக்குறான்னே தெரியல" என்றார். அவருடைய வலக்கையின் மூன்று விரல்கள் தொடைமேல் வால்வுகளை அழுத்திக்கொண்டிருந்தன.