தம்பிக்கு மிஞ்சியது மண்டலின்

அமெரிக்கக் கிராமிய இசை வகையான புளூகிராஸ் பாட்டை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் அதன் வேகத்தில்தான் அகப்படுவார்கள். பாஞ்சோ கொட்டுகிற கொட்டில் மற்றதெல்லாம் காதுக்குப் பின்னால் போய்விடும். அந்த இசையின் பெரிய குழுக்கள் பல அண்ணன் தம்பிமார் நடத்தியவை. அவர்களை விளங்கிக்கொள்ள ஒரு கேள்வி நன்றாக உதவும்: அந்த வீட்டில் எந்த வாத்தியம் யாருக்கு, யாரிடமிருந்து வந்தது? அதற்கு விடை தெரிந்தால் அந்தக் குழு ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

வழமையான குழுவில் ஐந்து வாத்தியம்: மண்டலின், வயலின், ஐந்து தந்திப் பாஞ்சோ, கிட்டார், நின்று வாசிக்கும் டபிள் பேஸ். வயலினை அவர்கள் பிடில் என்பார்கள். மேளமோ டிரம்ஸோ கிடையாது. ஆகவே தாளத்தை யாராவது தந்தியில்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலை மண்டலினுக்கு வந்ததற்கு ஒரு வீட்டுக் கதை இருக்கிறது.

பில் மன்ரோ 1911 செப்டம்பர் 13இல் கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. மூத்தவர்களில் பேர்ச் பிடிலை எடுத்துக்கொண்டார், சார்லி கிட்டாரை எடுத்துக்கொண்டார். கடைக்குட்டிக்கு மிஞ்சியது மண்டலின். மண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு சோடி. சத்தம் கூடாமல் இருக்க நான்கு தந்தியைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்று அண்ணன்மார் கட்டளை போட்டதாகச் சொல்வார்கள். 1921இல் தாய் போனார், 1928இல் தகப்பன் போனார். அதன் பின்னர் பில்லுக்குத் துணை தாய்மாமன் பெண்டில்டன் வான்டிவர். மாமன் ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர், மருமகன் கூடப்போய்ப் பக்கவாத்தியம் பிடிப்பான். அதே வட்டாரத்தில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரும் இருந்தார். மன்ரோவின் இசையில் புளூஸ் சாயல் வந்த வழிகளில் அவர் முக்கியமானவர். கால்கள் தவறாமல் ஆட வேண்டிய கூட்டத்துக்கு மத்தளம் இல்லாமல் பக்கவாத்தியம் வாசித்த பிள்ளையின் வலது கையில் தாளம் ஊறாமல் எங்கே போகும்?

அந்தக் கையின் வேலையைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் விழும். இரண்டிலும் நான்கிலும் மண்டலின் ஒரு வெட்டு வெட்டும், அதற்குச் சொப் என்று பெயர். ஐந்து கட்டையை (மேற்கத்திய G) சுருதியாக வைத்தால், தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை இடக்கை விரல்கள் 7, 5, 2, 3ஆம் மெட்டுகளில் நிற்கும். கிடைக்கும் சுரங்கள் ப, ச, க, ச. அடித்த மறுகணம் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் வெறுந்தந்தி கூவிவிடும். தளர்த்தப் பிந்தினால் வெட்டு இழுபட்டு, பாடுபவருடைய சொல்லை மூடிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடக்கை விடுப்பில்தான். வலக்கை வேகத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது.

1934இல் சார்லியும் பில்லும் இருவராகப் பாடத் தொடங்கினார்கள். 1936இல் முதல் இசைத்தட்டு, 1938இல் பிரிவு. அண்ணனிடமிருந்து பிரிந்த அடுத்த ஆண்டே, 1939இல், பில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலி மேடையில் தன் சொந்தக் குழுவோடு ஏறினார். கென்டக்கியின் செல்லப்பெயரை எடுத்து வைத்த அந்தக் குழுவின் பெயர்தான் பிறகு முழு இசைக்கும் பெயராகியது.

பாஞ்சோ அந்தக் குழுவில் தன் இடத்தைப் பிடித்தது 1945 டிசம்பரில், ஏர்ல் ஸ்கரக்ஸ் வந்து சேர்ந்தபோது. 1924இல் வட கரோலினாவில் பிறந்தவர், நான்கு வயதில் தகப்பனை இழந்தவர். அண்ணன்மார் ஜூனியும் ஹோரஸும் வாசிப்பவர்கள். ஏர்லும் ஹோரஸும் சிறுவயதில் செய்த பயிற்சி ஒன்றை எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நாளைக்கே செய்து பார்க்கலாம். வீட்டு வாசலில் இரண்டு பேரும் ஒரே பாட்டை ஒன்றாகத் தொடங்குவார்கள். ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம் என்று வாசித்தபடியே வீட்டைச் சுற்றி நடப்பார்கள். பின்பக்கத்தில் சந்திக்கும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் வளவில் ஒருவர் படலைப் பக்கமாகவும் மற்றவர் கிணற்றடிப் பக்கமாகவும் போகலாம். நடையின் வேகத்தைத் தாளத்தோடு கட்டிவிடக்கூடாது, இது முக்கியம். கால் தன்பாட்டில் நடக்க, கை தன்பாட்டில் எண்ண வேண்டும். முதல் நாட்களில் சந்திக்கும்போது ஒருவர் அரை ஆவர்த்தனம் முந்தியிருப்பார். அநேகமாகப் பாட்டில் கடினமான சங்கதி வரும் இடத்தில்தான் ஓடியிருப்பார். அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கையால் தாளம் போட்டுப் பத்துத் தடவை பாடிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமோடு பழகுவதைவிட இது கடினம். மெட்ரோனோம் விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும், வீட்டுச் சுவர் திருத்தாது.

ஏர்லின் மூன்று விரல் வாசிப்பைக் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் எளிதாகப் பிடிப்பார்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று விரல் சுழன்று எட்டுச் சுரத்தை நிரப்ப வேண்டும். மூன்று எட்டில் சரியாகப் போகாது, ஆகவே 3, 3, 2 என்று உடைகிறது. தகிட தகிட தக. இணுவிலில் தவில் பழகும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் வாத்தியத்தைக் காணாமலே சொல்லிக் காட்டிவிடும். பாஞ்சோவின் சுருதியும் அந்நியமானது இல்லை. நான்கு நீளத் தந்திகள் ப, ச, க, ப. ஐந்தாவது கட்டைத் தந்தி மேல் ச, அதை முறுக்கும் பிரடை கழுத்தின் நடுவில் இருக்கும். பெருவிரல் அதை அடிக்கடி தொட்டபடியே இருப்பதால் தம்புரா மாதிரி ஒரு ஆதாரம் பாட்டு முழுக்க ஓடும். சுருதியைக் கூட்ட மற்ற நான்கு தந்திக்கும் காப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் பூட்டிவிட்டு இந்த ஐந்தாவதை மறப்பவர்கள் நிறையப் பேர். காப்போ இரண்டாம் மெட்டில் என்றால் ஐந்தாவதும் அதே அளவு, ஒரு முழுச்சுரம், ஏற வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆதாரமே அபசுரமாகி ஒவ்வொரு சுற்றிலும் குத்தும்.

ஸ்டான்லி சகோதரர்களின் வேர் வேறு. வர்ஜீனியா மலைப்பகுதி, கார்ட்டர் பிறந்தது 1925, ரால்ஃப் 1927. அவர்களுடைய பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையில் வாத்தியமே கிடையாது. முன்னிற்பவர் ஒரு வரியைச் சொல்ல, சபை அதை இழுத்துப் பாடும். கோவில் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதை நினைத்துக்கொண்டால் சரி. தாய் லூசி பழைய முறையில் பாஞ்சோ வாசிப்பார், நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் முறை. சிறுவன் ரால்ஃபுக்கு முன்னால் இரண்டு தெரிவு இருந்தது: ஐந்து டொலருக்கு ஒரு பெண்பன்றி, அல்லது அதே ஐந்து டொலருக்கு ஒரு பாஞ்சோ. பாஞ்சோவை எடுத்தான். 1946இல் அண்ணன் தம்பி குழுவாகினார்கள். கார்ட்டர் கிட்டாரும் முதற்குரலும், ரால்ஃப் பாஞ்சோவும் மேற்குரலும். 1966இல் கார்ட்டர் இறந்தார். ரால்ஃப் மேலும் ஐம்பது ஆண்டு பாடினார், 2016இல் மறையும் வரை. வாத்தியம் எதுவும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய ஒரு பாட்டுக்கு 2002இல் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு 75 வயது. சபையில் படித்த பாட்டுமுறை கடைசிவரை கைவிடவில்லை.

மக்ரெய்னால்ட்ஸ் சகோதரர்கள், ஜிம்மும் ஜெசியும், வர்ஜீனியாக்காரர்கள்தான். பாட்டனார் பிடில் கலைஞர், 1927இல் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டலில் நடந்த புகழ்பெற்ற ஒலிப்பதிவில் இடம்பெற்றவர். ஜெசி பாஞ்சோவின் அதே 3, 3, 2 சுழலை மண்டலினில் தந்தி மீட்டும் ஒற்றைச் சில்லால் (பிக்) தந்தி தாவித் தாவி வாசித்தார். கேட்க இலேசு, செய்யக் கடினம்.

குரலமைப்பைப் படிக்க விரும்புகிறவர்கள் ஆஸ்போர்ன் சகோதரர்களிடம் போக வேண்டும். பாபி 1931, சொனி 1937, கென்டக்கியில் பிறந்து ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்தவர்கள். சொனி 14 வயதிலேயே மன்ரோவின் குழுவில் பாஞ்சோ வாசித்தவர். புளூகிராஸின் வழமையான மூன்று குரலில் முதற்குரல் நடுவில் நிற்கும். முதற்குரல் ச பாடினால் மேற்குரல் க, கீழ்க்குரல் மந்திர ப. பாபியின் குரல் இயல்பிலேயே மிக உயரம். அதற்கு மேலே இன்னொருவர் ஏற முடியாது. ஆகவே பாட்டின் மெட்டையே உச்சியில் வைத்தார்கள். பாபி மேல் ச என்றால் சொனி அதற்குக் கீழே ப, மூன்றாமவர் மேற்குரலுக்குரிய க-வை ஒரு ஸ்தாயி இறக்கி அடியில் பாடினார். அதே ச, க, ப தான், அடுக்கு மாறியதும் நிறமே மாறிவிட்டது.

இதை இங்கே பாடிப் பார்ப்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மேற்குரல்காரர் முதற்குரலுக்கு எப்போதும் இரண்டு சுரம் தள்ளி ஒட்டிக்கொண்டே போவார். கிட்டார் ச-வில் நிற்கும்வரை அது இனிக்கும். கிட்டார் ம, த, ச என்ற சுரக்கூட்டுக்கு மாறும்போதும் முதற்குரல் ச-விலேயே நிற்கலாம். அப்போது மேற்குரல் க-வில் நின்றால் கிட்டாரின் ம-வோடு மோதும். அந்த இடத்தில் அவர் ம பிடிக்க வேண்டும். பக்கத்துக் குரலைக் கேட்பதோடு கிட்டாரின் அடியையும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். கமகமும் ஒரு சிக்கல். ஒருவர் அந்தர காந்தாரத்தை அசைக்க மற்றவர் நேராக நின்றால் இரண்டும் உராயும். அசைப்பதானால் முதற்குரல் மட்டும், அதுவும் சுரத்தில் ஏறும்போது ஒரு சிறு சறுக்கலாக.

உடன்பிறந்தோர் குரல் ஒட்டுவதற்கு இரத்தத்தைக் காரணம் சொல்வார்கள். குரல்வளையின் ஒற்றுமைக்கும் பங்கு உண்டு. ஆனால் காதில் பெரிதாக விழுவது உயிரெழுத்தின் ஒற்றுமை. ஒரே அடுப்படியில் கதைத்து வளர்ந்தவர்கள் ஆகாரத்துக்கு வாயை ஒரே அளவு திறப்பார்கள், சொல்லின் கடைசி மெய்யை ஒரே கணத்தில் மூடுவார்கள். இது பழகக்கூடியது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் கால்வைத்த நாள்முதல் ஞானப்பாட்டுப் பாடிவரும் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல குரலில் பாடுவது புதிதல்ல. அவர்களையும் பண்ணிசை படித்த பிள்ளைகளையும் ஒரே விறாந்தையில் இருத்திப் பாடவைத்தால் நல்ல குழு பிறக்கும்.

எங்கள் மண்ணில் வளர்ந்த வீட்டு உதாரணமும் இருக்கிறது. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். மக்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவருக்கும் குரு அவரே. 1958 கலவரத்தின் பின்னர் குடும்பம் சென்னைக்குப் போனது. மூவரும் வயலின் மூவராக மேடையேறினார்கள். பிறகு ஒருவர் திரையிசைக்கும், ஒருவர் உலக மேடைக்கும், ஒருவர் சக்தி குழுவுக்கும் பத்துத் தந்தி இரட்டை வயலினுக்கும் போனார்கள். மன்ரோ வீட்டில் வாத்தியம் மூன்றாகப் பிரிந்தது, இங்கே ஒரே வாத்தியம் மூன்று வழியாகப் பிரிந்தது.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கென்று வாங்கிய வயலின் பல வீட்டில் இருக்கிறது. அதைப் பிடிலாக்கச் செலவு குறைவு. ஐந்து கட்டையில் ச, ப, ச, ப என்று கூட்டிய வயலினில் தடித்த இரண்டு தந்தியைத் தொடவே வேண்டாம். அடுத்த மூன்றாம் தந்தியை ச-விலிருந்து சதுஸ்ருதி ரி வரை, மிக மெல்லிய நான்காம் தந்தியை ப-விலிருந்து சதுஸ்ருதி த வரை ஏற்றினால் போதும். கால் சுரமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பாருங்கள். தந்தி இறுக இறுகக் குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தாவிட்டால் விழுந்து பலகையைக் காயப்படுத்தும். ஒன்று இரண்டு கட்டையில் கிடந்த வயலின் என்றால் பழைய தந்தியை இழுக்க வேண்டாம், அறுந்துவிடும். புதுச் செற் போடுங்கள்.

மண்டலினும் இதே சுருதிதான், வயலின் பழகிய இடக்கை அப்படியே அதில் போய் உட்காரும். ஆகவே வீட்டில் ஒரு வயலின் பிள்ளை இருந்தால் இரண்டு வாத்தியத்துக்கு ஆள் ரெடி. மாரியில் பிரடை ஊதி இறுகும், திருகினால் திரும்பாது. பிரடையை வெளியே எடுத்து உராயும் இடத்தில் பென்சில் கரி பூசுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் அதே பிரடை காய்ந்து வழுகும், அப்போது கரியைத் துடைத்துவிட்டுச் சோக்.