கிளிமூக்கு மாங்காய் இனிப்புச் சட்னி

மார்க்கெட்டில் கிளிமூக்கு மாங்காய் வந்தாச்சு, வீட்டில் சட்னியும் கிண்டியாச்சு! ஒரு கிலோ மாங்காய்த் துண்டுகளுக்கு அரைக் கிலோ வெல்லம், இஞ்சி, வற்றல் மிளகாய், உலர் திராட்சை, உப்பு, கடைசியில் கொஞ்சம் வினிகர். மிக்ஸி பக்கமே போகக் கூடாது. துண்டுகள் கண்ணாடி மாதிரி மின்னி, பாகு கரண்டியிலிருந்து கனமாக வழியும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும், அது பழத்தில் இருக்கிற பெக்டின் என்கிற நார்ச்சத்து செய்கிற வேலை.

தயிர்சாதத்துக்கு அருமை. ஆனால் என் ஓட்டு அடைக்குத்தான். இஞ்சிக் காரமும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து வரும்போது, வெறும் வெல்லம் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பிரியாணிக்கும் தொட்டுப் பாருங்கள்.

ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.